புதுப்பிப்பு: 'டக்' சத்தத்தோடு நின்ற பழைய கார், குறை எர்த்தில்

சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு 'டக்', ஹெட்லைட்டும் மங்கவில்லை என்று கேட்டிருந்தேன். பேட்டரி 12.6 வோல்ட், அதன்மேல் பழி இல்லை. குறை எர்த்தில், அதாவது கரண்ட் என்ஜின், பாடி உலோகம் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் பாதையில்.

ஒருவர் சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்க, வழியில் எவ்வளவு வோல்ட் இழக்கிறது என்று மல்டிமீட்டரில் அளந்தது: பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஸ்டார்ட்டர் (என்ஜினைச் சுற்றிவிடும் மோட்டார்) போல்ட்டுக்கு 0.2. நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கு 0.1. அதே முனையிலிருந்து என்ஜின் பிளாக்குக்கு 4.1! இங்கே அரை வோல்ட் இழந்தாலே அதிகம்.

என்ஜினையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை வெளியே நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டைக் கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சைக் களிம்பு. சாவியைத் திருப்பும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் சூடானதும் இதனால்தான். கரண்ட் அதன் வழியாகத் திரும்பியிருக்கிறது.

உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடத் தேய்த்து, புதுப் பட்டையை இறுக்கி, மேலே வாசலின் தடவியாயிற்று. இப்போது என்ஜின் பிளாக்குக்கு 0.1.

பட்டை வாங்குமுன் ஜம்பர் கேபிளால் நெகட்டிவ் முனையை நேராக என்ஜின் பிளாக்கோடு இணைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றினால் குறை எர்த்தில்தான்.