கயல் பேப்பர் போட்ட அன்று, எங்கள் குடும்பக் குழுவில்

கயல்: எல்லோருக்கும் ஒரு விஷயம். காலையில் பேப்பர் போட்டுவிட்டேன்.

பெரியப்பா: என்ன பேப்பர்?

செந்தில் அண்ணன்: ராஜினாமா, பெரியப்பா 😄

பெரியப்பா: வேறு இடம் கிடைத்துவிட்டதா?

கயல்: இன்னும் இல்லை.

பெரியப்பா: கையில் ஒன்று இல்லாமல் இருப்பதை விடுவார்களா? 34 வருடம் ஒரே நாற்காலியில் இருந்தவன் நான். ஏச்சுப்பேச்சு வாங்காமலா இருந்தேன்?

அத்தை: அண்ணா, அவளைச் சொல்லவிடுங்கள். சம்பளம் பத்தவில்லையா கயல்?

கயல்: அதுவும்தான் அத்தை. இரண்டு வருடமாக உயர்வு கேட்டேன், பட்ஜெட் இல்லை என்றார்கள். இன்று கடிதம் அனுப்பி அரை மணி நேரம் ஆகவில்லை, மேனேஜர் கூப்பிட்டு "எவ்வளவு வேண்டும், சொல்" என்கிறார். அப்படியென்றால் பட்ஜெட் இருந்திருக்கிறது. கொஞ்சம் தயங்கிக்கொண்டுதான் இருந்தேன், அந்தக் கேள்வியோடு தயக்கமும் போய்விட்டது.

முரளி மாமா: எங்கள் டீமில் ஆறு பேர். இரண்டு பேர் போனார்கள், புதிதாக ஆள் எடுக்கவில்லை. அவர்கள் வேலையும் எங்கள் தலையில். மூன்றாவது ஆளும் போய்விட்டான். அடுத்தது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

செந்தில் அண்ணன்: அமெரிக்காவில் 2021 நவம்பரில் மட்டும் சுமார் 45 லட்சம் பேர் தாங்களாகவே வேலையை விட்டார்கள். 'மாபெரும் ராஜினாமா' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

பெரியப்பா: அது கொரோனா காலம்.

செந்தில் அண்ணன்: 2020இல் பயந்துபோய் வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், காலியிடம் பெருகியதும் மொத்தமாகக் கிளம்பினார்கள். அப்படி விட்டவர்களிடம் பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையம் காரணம் கேட்டது. சம்பளம் குறைவு என்றவர்கள் 63 சதவீதம். முன்னேற வழியில்லை என்றவர்களும் அதே 63. மரியாதை இல்லை என்றவர்கள் 57.

பெரியப்பா: காலியிடம் இருந்தது, போனார்கள். இப்போது இருக்கிறதா? என் கேள்வி அதுதான்.

செந்தில் அண்ணன்: நியாயமான கேள்வி. அந்த அலை 2023இலேயே அடங்கிவிட்டது.

கயல்: தெரியும் அண்ணா. ஆறு மாதச் செலவுக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தேன்.

அத்தை: போன வாரம் இவள் என்னோடுதான் இருந்தாள். இரவு பத்தே முக்கால், "ஒரு சின்ன வேலை" என்று மெசேஜ். போனைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு நிமிடம்கூட இல்லை, தானே எடுத்தாள். நான் தூங்கப் போகும்போதும் தட்டிக்கொண்டிருந்தாள்.

முரளி மாமா: அந்தச் 'சின்ன வேலை' எல்லா ஆபீஸிலும் உண்டு 🙏

பெரியப்பா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

அத்தை: என்ன அண்ணா அழித்தீர்கள்?

பெரியப்பா: ஒன்றுமில்லை. கயல், நோட்டீஸ் எத்தனை நாள்?

கயல்: 60 நாள்.

பெரியப்பா: சண்டை போடாமல் முடி. ரிலீவிங் லெட்டர் கையில் வாங்காமல் வராதே. லீவ் பாக்கி இருந்தால் காசாகத் தருவார்களா என்று கேள்.

கயல்: 41 நாள் இருக்கிறது பெரியப்பா.

பெரியப்பா: 41ஆ? லீவே எடுக்கவில்லையா?

அத்தை: இப்போதுதான் சரியான கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.