எம்1 மேக் மினியில் விண்டோஸ் எக்ஸ்பி: பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களைத் திறக்க வழி?

அச்சுமை:
ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை வேலை. பழைய பிசியில் விண்டோஸ் எக்ஸ்பி, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7, டாம் என்கோடிங் (யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்து முறை) ஃபான்டுகள். தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் பேரலல் போர்ட்டில் (பழைய பிரின்டர் போர்ட்) டாங்கிள் (லைசென்ஸ் சாவி) செருகினால்தான் ஓடும். ஹார்ட் டிஸ்க் 40 ஜிபி, ஐடிஇ என்ற பழைய வகை இணைப்பு. இப்போது கிளிக் கிளிக் என்று சத்தம் வருகிறது. மாற்றாக இருப்பது எம்1 மேக் மினி, 8 ஜிபி ராம். யூடிஎம்மில் (மேக்குக்குள் வேறு ஓஎஸ் ஓட்டும் ஆப்) விர்ச்சுவலைஸ் கொடுத்து எக்ஸ்பி சிடியைப் போட்டால் பூட்டே ஆகவில்லை. எக்ஸ்86 புரோகிராம்களை மொழிபெயர்க்கும் ஆப்பிளின் ரோசெட்டா உதவாதா? டிஸ்க்கில் இருப்பதை அப்படியே மேக்குக்குள் கொண்டுவர முடியுமா?

மவுன்ட்ரோடு பெங்குவின்:
பூட் ஆகாது சார். எம்1 ஆர்ம் சிப், எக்ஸ்பி எக்ஸ்86 சிப்புக்கு எழுதியது. விர்ச்சுவலைஸ் என்றால் கெஸ்ட்டின் (உள்ளே ஓடும் ஓஎஸ்ஸின்) கட்டளைகள் நேராக சிப்புக்கே போகும். அதற்கு இரண்டும் ஒரே இனமாக இருக்கணும். நீங்கள் எடுக்க வேண்டியது எமுலேட். அதில் யூடிஎம்முக்குள் இருக்கும் கியூஎமு ஒவ்வொரு கட்டளையையும் ஆர்முக்கு மொழிபெயர்த்துக்கொண்டே ஓட்டும். மெதுவாகத்தான் இருக்கும், ஆனால் பேஜ்மேக்கருக்குப் போதும். ரோசெட்டா தனித்தனி புரோகிராம்களுக்கு மட்டும். ஒரு முழு ஓஎஸ்ஸைத் தூக்காது.

அதற்கு முன் டிஸ்க். அந்த பிசியை இனி ஆன் செய்யவே வேண்டாம். ரிச்சி தெருவில் ஐடிஇ டு யூஎஸ்பி கன்வெர்ட்டர் வாங்குங்கள். 12 வோல்ட் அடாப்டர் சேர்ந்த செட்டாகப் பார்த்து எடுங்கள், 3.5 இன்ச் டிஸ்க் வெறும் யூஎஸ்பி கரன்ட்டில் சுழலாது. ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும். மேக்கில் செருகியதும் இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டால் இக்னோர் அழுத்துங்கள், தப்பித் தவறியும் இனிஷியலைஸ் வேண்டாம். காப்பி எடுக்க சாதாரண டிடி கமாண்ட் வேண்டாம், கெட்ட டிஸ்க்குக்கான டிடிரெஸ்க்யூ. மேப் ஃபைல் (எதுவரை காப்பி ஆனது என்ற குறிப்பு) கண்டிப்பாகக் கொடுங்கள். நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் சுற்றில் கெட்ட இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லி நல்லதை அள்ளிக்கொண்டு, அப்புறம் 3 தடவை மறுமுயற்சி. பிறகு கியூஎமு-இமேஜ் கன்வெர்ட் போட்டு ரா இமேஜை (டிஸ்க்கின் அப்படியே நகல்) கியூஎமுவின் கியூகவ்2 ஃபார்மட் ஆக்குங்கள். ராவை அழிக்காதீர்கள்.

யூடிஎம் செட்டிங்: ஆர்க்கிடெக்சர் ஐ386, மெஷின் ஐ440எஃப்எக்ஸ், யூஇஎஃப்ஐ ஆஃப், ராம் 512 எம்பி, சிபியூ 1 கோர். டிஸ்க் இன்டர்ஃபேஸ் ஐடிஇ. விர்ட்ஐஓ வைத்தால் எக்ஸ்பியிடம் டிரைவரே கிடையாது. டிஸ்ப்ளே சிர்ரஸ், நெட்வொர்க் ஆர்டிஎல்8139. ஃபோர்ஸ் மல்டிகோர் டிக் வேண்டாம். மெமரியில் எழுதும் வரிசையை எக்ஸ்86 கறாராகக் காக்கும், ஆர்ம் அவ்வளவு காக்காது. வேகத்துக்கு ஆசைப்பட்டால் காரணமே தெரியாமல் தொங்கும்.

சர்க்யூட் சித்தப்பா:
ஒன்று விட்டுப்போச்சு. அந்த இமேஜை அப்படியே பூட் செய்தால் நீலத்திரையில் 7பி எர்ரர் (பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை) வர வாய்ப்பு அதிகம். பழைய போர்டின் ஐடிஇ டிரைவரைத்தான் எக்ஸ்பி தேடும், இங்கே இருப்பது வேறு கன்ட்ரோலர். வழக்கமாக டிவைஸ் மேனேஜரில் ஸ்டாண்டர்டு டூயல் சேனல் ஐடிஇக்கு மாற்றிவிட்டு இமேஜ் எடுக்கச் சொல்வார்கள்...

மவுன்ட்ரோடு பெங்குவின்:
அதற்கு அந்த டிஸ்க்கை பூட் செய்யணுமே சித்தப்பா. சத்தம் போடும் டிஸ்க்கில் அது சூதாட்டம். இமேஜிலேயே ரிப்பேர் இன்ஸ்டால் (இருக்கும் விண்டோஸ் மேலேயே மறுபடி நிறுவுவது) போடலாம். எஸ்பி3 (சர்வீஸ் பேக் 3) சேர்ந்த எக்ஸ்பி சிடி வேண்டும். முதல் திரையில் ஆர் கேட்கும், அது ரெக்கவரி கன்சோல். அதை விட்டு என்டர், எஃப்8, பழைய விண்டோஸைக் காட்டும்போது ஆர். புரோகிராம், ஃபான்ட் எல்லாம் அப்படியே இருக்கும், டிரைவர் மட்டும் புதிதாக அமையும். எமுலேஷனில் இது ஓரிரண்டு மணி நேரம் இழுக்கலாம், தொங்கிவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். ஹார்டுவேர் மாறியதால் ஆக்டிவேஷன் கேட்கும். வால்யூம் லைசென்ஸ் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

அச்சுமை:
டாங்கிள்? பேரலல் டு யூஎஸ்பி கேபிள் 300 ரூபாய் சொல்கிறார்கள்.

சர்க்யூட் சித்தப்பா:
காசைக் கரியாக்காதீங்க. அந்த கேபிள் பிரின்டர் மட்டும்தான் பேசும். டாங்கிளுக்கு போர்ட்டின் ஒவ்வொரு பின்னையும் நேரடியாகத் தொடணும். கம்பெனியிடம் யூஎஸ்பி டாங்கிள் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். யூஎஸ்பி என்றால் கெஸ்ட்டுக்குள் இணைத்துவிடலாம். ஆனால் இதையும் யோசியுங்கள்: டாங்கிள் கேட்பது டைப் அடிக்கும் சாஃப்ட்வேர்தான், பேஜ்மேக்கர் இல்லை. ஃபான்டுகள் சாதாரண டிடிஎஃப் என்றால், ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தாலே பழைய பத்திரிகை திறக்கும், பிரின்டும் ஆகும். பேரையும் தேதியையும் மாற்றத்தான் டைப்பிங் தேவைப்படும்.

தறி:
பிரின்டுக்கு: எக்ஸ்பியில் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரின்டரைச் சேர்த்து போர்ட்டை ஃபைல் என்று வையுங்கள். வரும் பிஎஸ் (போஸ்ட்ஸ்கிரிப்ட்) ஃபைலை மேக்கின் பிரிவ்யூ திறக்காது, மேக்ஓஎஸ் வென்ச்சுராவிலிருந்து ஆப்பிள் அதை எடுத்துவிட்டது. கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற புரோகிராம் போட்டு பிடிஎஃப் ஆக்குங்கள். முதல் பிடிஎஃப்பில் ‘ஸ்ரீ’, ‘ஔ’, ‘ஞ’ மூன்றையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபான்ட் உள்ளே போகவில்லை என்றால் அந்த இடத்தில் ஏதாவது லத்தீன் குறி உட்கார்ந்திருக்கும். ஃபைல் கொண்டுபோக பென்டிரைவ், ஃபேட்32 ஃபார்மட். எக்ஸ்ஃபேட் எக்ஸ்பிக்கு இயல்பாகத் தெரியாது. வேலை முடிந்ததும் நெட்வொர்க் கார்டையே எடுத்துவிடுங்கள். 2014 ஏப்ரலோடு எக்ஸ்பிக்கு அப்டேட் நின்றது.

அச்சுமை:
கன்வெர்ட்டர் வாங்க இன்றே ரிச்சி தெரு போகிறேன். பிசியின் பவர் கேபிளைக் கழற்றி வைத்துவிட்டேன், யாரும் தெரியாமல் ஆன் செய்துவிடக் கூடாது என்று.