குறை தைராய்டுக்குத் தனியார் சிறப்பு மருத்துவரைப் பார்ப்பது அவசியமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று கண்டறியப்பட்டு இரண்டு ஆண்டுகளாக லெவோதைராக்சின் (தைராக்சின் ஹார்மோன் மாத்திரை) எடுத்து வருகிறேன். முதலில் 50 மைக்ரோகிராம், சென்ற ஆண்டிலிருந்து 75. கடைசிப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும்) 3.9 என்று வந்ததால், எல்லாம் சரியாகவே இருக்கிறது, இதையே தொடருங்கள் என்று குடும்ப மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்கோ மதியத்துக்கு மேல் உடம்பு அசைய மறுக்கிறது. தலை வாரினால் சீப்பு முழுக்க முடி. மற்றவர்கள் மின்விசிறியைப் போடும்போது நான் போர்வையைத் தேடுகிறேன். அறிக்கையில் டிஎஸ்எச் மட்டுமே இருக்கிறது, ஃப்ரீ டி4 (இரத்தத்தில் உள்ள தைராக்சினின் அளவு) பார்க்கப்படவில்லை.

காலையில் எழுந்ததும் மாத்திரையை விழுங்கி, கால் மணி நேரத்தில் காபி குடிக்கிறேன். இரத்தசோகைக்கான இரும்புச்சத்து மாத்திரையைக் காலை உணவோடு எடுக்கிறேன். தனியாக ஒரு எண்டோகிரைனாலஜிஸ்டை (ஹார்மோன் சிறப்பு மருத்துவரை) பணம் கட்டிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். அவரும் இதே மாத்திரையை எழுதிக் கொடுத்தால் செலவு வீண்தானே என்ற தயக்கம் ஒரு பக்கம்; தன்னை நம்பவில்லை என்று குடும்ப மருத்துவர் வருத்தப்படுவாரோ என்ற சங்கடம் இன்னொரு பக்கம். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1

சகோதரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் காபியையும் இரும்பு மாத்திரையையும்தான் முதலில் பார்க்க வேண்டும். நானும் பல ஆண்டுகளாக இதே மாத்திரையை எடுப்பவன். இரும்பும் கால்சியமும் குடலில் தைராக்சினோடு ஒட்டிக்கொண்டு அதை இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கின்றன. ஆகவே அவற்றுக்கும் இதற்கும் இடையே குறைந்தது 4 மணி நேரம் இருக்க வேண்டும். காபியும் உறிஞ்சப்படும் அளவைக் குறைக்கிறது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, 30 முதல் 60 நிமிடம் வரை வேறு எதுவும் சாப்பிடாமல் இருப்பதே முறை. காலையில் அது நடக்காது என்றால், இரவு உணவு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் எடுக்கலாம். எனக்கு அதுதான் ஒத்துவந்தது. காபியை விடுவதைவிட அது எளிது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

75 மைக்ரோகிராம் விழுங்குகிறீர்கள் என்பது உண்மை. ஆனால் அதில் எவ்வளவு உடம்பில் சேர்கிறது என்பது இப்போது யாருக்கும் தெரியாது. இந்த நிலையில் எவ்வளவு பெரிய மருத்துவரிடம் போனாலும், எப்போது, எதனோடு எடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார். இந்த மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் ஆகும் என்பதால், எந்த மாற்றமும் நிலைபெற 6 முதல் 8 வாரம் பிடிக்கும். நேரத்தைச் சரிசெய்து அவ்வளவு காலம் பொறுத்துப் பரிசோதியுங்கள். நேரத்தையும் அளவையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டால், எதனால் என்ன நடந்தது என்று பிறகு பிரித்தறிய முடியாது.

மறுமொழி 2

பொது மருத்துவராகப் பணிபுரிகிறேன். உங்களை நேரில் பார்க்காமல் எழுதுவதால் இதைப் பொதுவான கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா.

டிஎஸ்எச் இயல்பளவு பல ஆய்வகங்களில் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை என்று அச்சிடப்பட்டிருக்கும். 3.9 என்பது அதற்குள் அடங்கும்தான். எனினும், சிகிச்சையில் இருந்துகொண்டே அறிகுறிகளோடு வருபவருக்கு டிஎஸ்எச் அந்த வரம்பின் கீழ்ப்பாதிக்கு இறங்கும்படி மருந்தின் அளவைச் சற்று உயர்த்திப் பார்ப்பது பல மருத்துவர்களின் வழக்கம். 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் கூட்டுவதற்குச் சிறப்பு மருத்துவர் தேவையில்லை. குடும்ப மருத்துவரிடமே கேட்கலாம். சுரப்பி முற்றிலும் வேலை செய்யாதவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் என்று ஒரு கணக்கு உண்டு. அதை வைத்து உங்களுக்கு நீங்களே அளவு குறித்துக்கொள்ள வேண்டாம், ஏனெனில் பலருக்குச் சுரப்பி ஓரளவு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். தேவைக்கு மேல் போனால் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுவதற்கும் எலும்பு தேய்வதற்கும் வாய்ப்பு உண்டு.

தயங்காமல் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டியவர்கள் யார் என்பது தெளிவானது: கருவுற்றவர்கள், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள், கழுத்தில் வீக்கமோ கட்டியோ உள்ளவர்கள், இதய நோயாளிகள், அளவைக் கூட்டிக்கொண்டே போயும் டிஎஸ்எச் இறங்காதவர்கள். ஃப்ரீ டி4 குறைந்திருந்தும் டிஎஸ்எச் உயராதவர்களும் இதில் அடங்குவர். அவர்களுக்குக் கோளாறு தைராய்டில் அல்ல, அதற்கு ஆணையிடும், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் இருக்கக்கூடும். அந்த நிலையில் டிஎஸ்எச் எண்ணை நம்பவே முடியாது. உங்களுக்கு அப்படி இருக்க வாய்ப்பு குறைவு. இருந்தாலும் ஃப்ரீ டி4 ஒருமுறையாவது பார்க்கப்பட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

சோர்வும் முடி உதிர்வும் தைராய்டுக்கு மட்டும் உரியவை அல்ல. இரத்தசோகை இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) இப்போது எவ்வளவு? வைட்டமின் பி12 பார்த்தாயிற்றா? தூக்கத்தில் குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டா? மாதவிடாய் நிற்கும் காலத்துக்கு முந்தைய மாற்றங்களும் இந்த வயதில் இதே முகத்தோடுதான் வரும். இன்னொன்று: முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் கலந்த மாத்திரை எடுக்கிறீர்களா? சில ஆய்வக முறைகளில் அது டிஎஸ்எச் அளவைப் பொய்யாகக் குறைத்தும் டி4 அளவைப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும்.

மறுமொழி 3

மேலே இருவரும் சொன்னவை சரி என்றாலும், தனியார் மருத்துவரைப் பார்ப்பதே வீண் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. நான் போனேன், மாத்திரை மாறவில்லை. ஆனால் என் பழைய அறிக்கைகளை எல்லாம் தேதிவாரியாக மேசையில் பரப்பி, எந்த மாதத்தில் மருந்தின் நிறுவனம் மாறியது, அதன் பின் எண் எப்படி நகர்ந்தது என்று ஒருவர் நிதானமாகப் பார்த்தது எனக்கு அதுவரை கிடைக்காத ஒன்று. அதற்காகத்தான் அந்தப் பணம் என்று தெரிந்து போனால் ஏமாற்றம் இல்லை.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் தேவை. எண்டோகிரைனாலஜிஸ்ட் பலருக்கு நாள் முழுவதும் நீரிழிவு நோயாளிகளே வருவார்கள். தைராய்டு நோயாளிகளை வழக்கமாகப் பார்ப்பவரா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். முதல் சந்திப்பிலேயே நீண்ட பரிசோதனைப் பட்டியலையும், தாங்களே விற்கும் சத்து மாத்திரைகளையும் நீட்டும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது. தைராக்சினோடு டி3 என்ற இன்னொரு தைராய்டு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையைப் பற்றிப் பலர் ஆசையோடு கேட்கிறார்கள்; தைராக்சினை மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் தெளிவான மேன்மை தெரியவில்லை. சிலர் அதையே விரும்புகிறார்கள் என்பதும் உண்மை. முயன்று பார்ப்பதானால் கண்காணிப்போடு, ஒரு கால வரம்பு வைத்துச் செய்ய வேண்டியது அது.

குடும்ப மருத்துவர் பற்றிய சங்கடத்துக்கு ஒரே வழி, அவரிடமே பரிந்துரைக் கடிதம் கேட்பதுதான். பிறகு மருந்துச் சீட்டை எழுதப்போவதும் இரத்தப் பரிசோதனையைத் தொடரப்போவதும் பெரும்பாலும் அவரே என்பதால், அவருக்குத் தெரியாமல் போவதில் உங்களுக்குத்தான் தொல்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பெட்டியை எடுத்துப் பார்த்தேன். முடிக்கு எடுக்கும் மாத்திரையில் பயோட்டின் இருக்கிறது. ஃபெரிட்டின் ஓராண்டாகப் பார்க்கவில்லை. நேரத்தை இரவுக்கு மாற்றி, இரும்பு மாத்திரையைக் காலையிலேயே வைத்துக்கொண்டு, 8 வாரம் கழித்து ஃப்ரீ டி4, ஃபெரிட்டின் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் குடும்ப மருத்துவரிடம் கேட்கப்போகிறேன். அதன் பிறகும் இப்படியே இருந்தால் கடிதம் வாங்கிக்கொண்டு சிறப்பு மருத்துவரிடம் போவேன். காலையிலிருந்து இரவுக்கு மாறும் நாளில் ஒரு வேளை விடுபடுமே, அதற்கு என்ன செய்வது?

மறுமொழி 2

ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இன்று காலை எடுத்திருந்தால் அடுத்ததை நாளை இரவு எடுங்கள்; மருந்து மெதுவாகவே குறைவதால் அந்த இடைவெளி உடலுக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நேரம் மாறியதும் முன்பைவிட அதிக மருந்து உடலில் சேரும். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாத எடைக்குறைவு போன்றவை வந்தால் 8 வாரம் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே குடும்ப மருத்துவரிடம் சென்று இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.