தங்கச்சிக்குப் பழைய கார்: ஆல்டோவா, மார்ச்சா? அவசரம்

தலவாக்கலை அண்ணன் (வெள்ளி இரவு 9.40)
வணக்கம். தங்கச்சி நுவரெலியாவில் கணக்கியல் கோர்ஸ் படிக்கிறாள். அவளுக்கு ஒரு பழைய கார் எடுக்க வேண்டும். மாருதி ஆல்டோ ஒன்றும் நிசான் மார்ச் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டும் நல்ல கண்டிஷன் என்கிறார்கள். ஆல்டோக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம். எதை எடுப்பது? உடனே சொல்லுங்கள்.

ஹட்டன் வாசி
எந்த ஆண்டு? எத்தனை கிலோமீட்டர் ஓடியது? மார்ச் என்றால் பழைய கே11 மொடலா, அடுத்து வந்த கே12ஆ? கியர் ஓட்டோவா, மெனுவலா? பட்ஜெட் எவ்வளவு?

பண்டாரவளை அக்கா
தங்கச்சிக்கு என்ன வயது? லைசன்ஸ் எடுத்துவிட்டாளா? தினமும் போய் வருவாளா, கிழமைக்கு ஒரு தடவையா? எந்தப் பாதையால்?

ஜப்பான் ரசிகன்
எதுவும் யோசிக்காமல் மார்ச் எடுங்கள். ஜப்பான் வண்டி ஜப்பான் வண்டிதான். மலை ஏறும்போது தெரியும்.

காத்திரு தம்பி
இப்போது எதையும் வாங்காதீர்கள். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்துதான் பழைய வண்டி விலை இப்படி ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் விலை இறங்கும்.

ஹட்டன் வாசி
ஒரு வருஷம் பொறுத்தால் பிள்ளையின் கோர்ஸே முடிந்துவிடும். புதிதாக வரும் வண்டிகளின் வரியைப் பார்த்தீர்களா?

எஞ்சின் ஆசான்
ஆண்டு இல்லை, மைலேஜ் இல்லை, பட்ஜெட் இல்லை. 'நல்ல கண்டிஷன் என்கிறார்கள்' என்று மட்டும் இருக்கிறது. விற்கிறவன் வேறு என்ன சொல்வான்? வண்டியைப் பற்றி இவ்வளவுதான் தெரியும் என்றால் முதலில் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இதை எத்தனை பேருக்கு நான் எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

தலவாக்கலை அண்ணன்
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். பட்ஜெட் 25 இலட்சம். அப்பா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு. லீசிங் போக விருப்பமில்லை. தங்கச்சிக்குப் போன மாதம்தான் 18 முடிந்தது, இனித்தான் லைசன்ஸ். வீடு லிந்துலைப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே. கிளாஸ் 5 மணிக்கு முடியும். பஸ்ஸில் வந்து இறங்கும்போது இருட்டிவிடும். அதற்குப் பிறகு தேயிலைக்குள் தனியாக நடக்க வேண்டும். அதனால்தான் கார். ஆல்டோ 2013, மெனுவல். மார்ச் கே11, 1998, ஓட்டோ.

பழைய பாஸ்
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். உங்கள் பாதை எனக்கு நன்றாகத் தெரியும். 30 வருஷம் இந்தப் பக்கம் கராஜ் வைத்திருந்தேன்.

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏறாத வண்டி பாதியில் நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்கும்போது நிற்காத வண்டியைத்தான் பார்க்க வேண்டும். பிள்ளை மாலையில் ரதல்ல குறுக்கு வீதியால் இறங்கினால் அந்தச் சரிவு முழுக்க பிரேக்கிலேயே வரக்கூடாது. 2023 ஜனவரியில் அங்கே பஸ்ஸும் வானும் மோதி 7 பேர் போனதை நாம் யாரும் மறக்கவில்லை.

ஆகவே பிரேக் ஓயிலைக் கட்டாயம் மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஓயில் சூட்டில் கொதிக்கும், பெடல் பஞ்சு போலக் கீழே போகும். வாங்கிய அன்றே மாற்றி, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதும். செலவு பெரிதில்லை.

ஆல்டோவின் கிளட்ச் பார்க்க, நல்ல ஏற்றத்தில் மூன்றாம் கியரில் போட்டு மிதியுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது. கே11 ஓட்டோ என்றால் அதில் சிவிடி என்ற பெல்ட் கியர்பெட்டியும் உண்டு, சாதாரண ஓட்டோவும் உண்டு. எது என்று பாருங்கள். 1998 வண்டியின் சிவிடியை நம்பி மலைக்கு நான் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

இன்னொன்று. எஞ்சின் ஓயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் மாதிரிப் படிந்திருக்கும். உடனே 'ஹெட் கேஸ்கட் (எஞ்சினில் தண்ணீரும் ஓயிலும் கலக்காமல் தடுக்கும் தகடு) போய்விட்டது' என்று பயந்துவிடாதீர்கள். நுவரெலியாக் குளிரில் கிட்டத் தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் ஈரத்தால் அது வரும். ஓயில் அளக்கும் டிப்ஸ்டிக்கிலும் அதே பால் இருந்தால், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்திருந்தால், விட்டுவிட்டு வாருங்கள்.

பண்டாரவளை அக்கா
பாஸ் சொன்னதோடு ஏசியையும் பாருங்கள். 'நம்ம ஊருக்கு ஏசி எதுக்கு' என்று விற்பவர் சொல்வார். நானுஓயாவில் மழையோடு மூடுபனி இறங்கினால் உள்ளே மூச்சுக்காற்றிலேயே முன்கண்ணாடி வெளுத்துவிடும். புதிதாக ஓட்டுகிற பிள்ளை ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வளைவில் திரும்புவாள். ஏசி போட்டால் சீக்கிரம் தெளிந்துவிடும். நான் ஒரு வருஷம் ஏசி இல்லாமல் ஹப்புத்தளைக்குப் போய் வந்தவள், தெரிந்துதான் சொல்கிறேன்.

ஜப்பான் ரசிகன்
கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2014இல் மோதிப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத ஆல்டோ 800க்குப் பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. 18 வயதுப் பிள்ளைக்கு அதையா கொடுப்பது?

பழைய பாஸ்
அது உண்மை. அந்த 1998 மார்ச் காரிலும் ஏர்பேக் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அந்த விலைக்குள் இரண்டுமே பழைய காலத்து வண்டிகள்தான். வேகத்தைப் பிள்ளைதான் குறைக்க வேண்டும்.

சிக்கன ராஜா
ஆல்டோ எடுங்கள், பெட்ரோல் மிச்சம். நானுஓயாவிலிருந்து நியூட்ரலில் போட்டு விட்டால் லிந்துலை வரைக்கும் ஒரு சொட்டும் போகாது. நான் அப்படித்தான் வருகிறேன்.

எஞ்சின் ஆசான்
இதைப் படித்து யாரும் செய்துவிடக் கூடாது. ஆல்டோ இன்ஜெக்ஷன் எஞ்சின். கியரில் வைத்து எக்ஸிலேட்டரை விட்டு இறங்கினால் பெட்ரோல் பாய்ச்சுவதைத் தானே நிறுத்திக்கொள்ளும். நியூட்ரலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் கணக்கு தலைகீழ்.

சிக்கன ராஜா
20 வருஷமாக மாருதி 800இல் செய்கிறேன். எனக்குப் புத்தகப் படிப்பு வேண்டாம்.

எஞ்சின் ஆசான்
உங்கள் பழைய மாருதி கார்புரேட்டர் வண்டியாக இருக்கும், அதில் கணக்கு வேறு. ஆனால் பிரேக்குக்கு அதிலும் ஒரே விதிதான். நியூட்ரலில் எஞ்சின் வண்டியைப் பிடித்து வைக்காது, முழுப் பாரமும் பிரேக்கில் விழும். சாவியையும் அணைத்தால் பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டரின் உதவி இரண்டு மூன்று மிதியில் போய்விடும், பெடல் கல்லாகும்.

ஹட்டன் வாசி
20 வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக 18 வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள் அண்ணே. ஏறின கியரிலேயே இறங்கு என்று அந்தக் காலத்து லொறிக்காரர்கள் சொல்லிக் கொடுத்தது இதற்குத்தான்.

சிக்கன ராஜா
அவரவர் விருப்பம்.

பண்டாரவளை அக்கா
அண்ணன் கேட்டது கார் பற்றி. தம்பி, பேப்பரைப் பார்த்தீர்களா? பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றா? 'ஓப்பன் பேப்பர்' என்றால் கவனம். பெயர் மாற்றும் படிவமான எம்டிஏ 6இல் பதிவுக்காரர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் இடத்தைக் காலியாக விட்டு மூன்று நான்கு கை மாறியிருக்கும். லீசிங் கம்பெனியின் பெயர் முழு உரிமையாளர் என்று இருந்தால் அது நீங்காமல் காசு கொடுக்கக்கூடாது. அப்பாவின் 25 இலட்சம் ஒரே தடவைதான் வரும்.

எஞ்சின் ஆசான்
25 இலட்சத்தையும் வண்டிக்கே போடாதீர்கள். டயர், பிரேக், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் எல்லாம் இருக்கின்றன. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு கிழமை, அடுத்த இரண்டு ஆண்டு. டயர் பூ (வெட்டு) நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் மழையில் பிடிக்காது. முதலில் கடுமையாக எழுதிவிட்டேன். பிள்ளைக்கென்று தெரிந்த பிறகு மனம் கேட்கவில்லை.

காத்திரு தம்பி
நான் இன்னும் பொறுக்கச் சொல்வேன்.

ஹட்டன் வாசி
ஞாயிறு போய்விட்டதே, என்ன ஆனது?

ஜப்பான் ரசிகன்
மார்ச்தான் எடுத்திருப்பார்.

தலவாக்கலை அண்ணன் (புதன் இரவு 10.15)
எல்லோருக்கும் நன்றி. மார்ச் சிவிடிதான், விட்டுவிட்டோம். ஆல்டோவின் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் ஆள் கம்பளைக்காரர். விற்பவருக்கு அவரைத் தெரியவே தெரியாது. அதையும் விட்டுவிட்டோம். தங்கச்சியை ட்ரைவிங் ஸ்கூலில் சேர்த்தாச்சு, மெனுவலில். கார் கிடைக்கும்வரை மாலையில் அப்பா டோர்ச்சோடு மெயின் ரோட்டுக்குப் போய்க் கூட்டி வருகிறார். தெரிந்தவர் கையில் கார் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய பாஸ்
கொட்டகலையில் ஒரு ரிட்டயர் டீச்சரின் ஆல்டோ இருக்கிறது, முதல் கை. கேட்டுச் சொல்கிறேன் தம்பி.