கிரேலிஸ்டிங்: தமிழில் என்ன போடலாம்?

நண்பர்களே, வணக்கம்.
மெயில் சர்வர் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். கிரேலிஸ்டிங்கில் வந்து நிற்கிறேன். 2003இல் இவான் ஹாரிஸ் சொன்ன உத்தி. முன்பின் தெரியாத சர்வர் ஒரு மடலோடு வந்தால் அதன் ஐபி முகவரி, அனுப்புநர், பெறுநர் மூன்றையும் குறித்துக்கொண்டு '451' என்று சொல்லி அனுப்பிவிடுவது. இப்போது முடியாது, அப்புறம் வா என்று பொருள். ஒழுங்கான சர்வர் மடலை வரிசையில் வைத்திருந்து மறுபடி வரும். எரிதம் (ஸ்பாம், வேண்டாத மடல்) அனுப்பும் நிரல்கள் பெரும்பாலும் வராது. அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடும். 'சாம்பல் பட்டியல்' என்று போட்டுவிடவா?
— அல்சூர்

> சாம்பல் பட்டியல்

வேண்டாம் ஐயா. சாம்புதல் என்றால் வாடுதல், ஒடுங்குதல். இங்கே எது வாடுகிறது? கருமைக்கும் வெண்மைக்கும் நடுவில் நிற்பது நரை. 'நரைப்பட்டியல்' என்க. கையோடு இன்னொன்று: நீங்கள் முன்பு அனுப்பிய பக்கத்தில் 'கருப்புப் பட்டியல்' என்று இடையின ரகரம் போட்டிருக்கிறீர்கள். 'கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்பது தொல்காப்பியம். சர்வர் வெகுண்டு விரட்டுகிற பட்டியல்தானே? வல்லின றகரமே பொருந்தும்.
— மல்லேஸ்வரம்

ஐயா, நரைப்பட்டியல் என்றால் பென்ஷன்காரர்கள் பட்டியல் என்று நினைப்பார்கள். நான் இதே வேலையில் இருப்பவள். எங்களுக்கு நிறமா முக்கியம்? வந்தவன் திரும்பி வருகிறானா என்பதுதான். தொண்ணூறுகளில் நம் பெங்களூரில் வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' (கன்னடத்தில் 'நாளை வா') என்று எழுதி வைத்தார்களே, ராத்திரி கதவைத் தட்டும் பேய் படித்துவிட்டுப் போய்விடும் என்று. 451 அதுதான். கிரேலிஸ்டிங் செய்யும் போஸ்ட்கிரே மென்பொருளில் நாளை வரை போக வேண்டாம், 300 வினாடி போதும். 'மறுவரவுச் சோதனை' என்று வைத்தால் விளக்கமே வேண்டாம்.
— ஒயிட்ஃபீல்டு

அம்மா, அந்தப் பேய் தினமும் தவறாமல் வந்தது. உங்கள் சோதனைப்படி அதற்குத்தான் கதவைத் திறந்துவிட வேண்டும்.
— மல்லேஸ்வரம்

:-) உண்மைதான். இப்போது எரிதக்காரர்களும் மறுபடி வரக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அந்த இடைவெளியில் அவர்கள் ஐபி தடைப்பட்டியலில் ஏறிவிட்டால் லாபம் நமக்கு. தலைவலி வேறு பக்கம். பெரிய நிறுவனங்களிடம் சர்வர் ஏராளம். முதல் தடவை ஒன்று வரும், மறுதடவை வேறொன்று, வேறு ஐபியோடு. அதனால்தான் ஐபியின் கடைசி எண்ணை விட்டுவிட்டுப் பார்க்கிறோம். போன மாதம் ஒரு ஓடிபி நாற்பது நிமிடம் கழித்து வந்து சேர்ந்தது. யார் சர்வர் என்று கேட்காதீர்கள்.
— ஒயிட்ஃபீல்டு

எதற்கு இத்தனை பாடு? 'கிரேலிஸ்டிங்' என்றே விடுங்கள். படிக்கப் போகிற பையன் நாளைக்குத் திரையில் பார்க்கப்போவது அந்தச் சொல்லைத்தான்.
— ஜெயநகர்

அப்படியானால் கையேட்டையே ஆங்கிலத்தில் விட்டிருக்கலாமே! சரி, நிறமே வேண்டாம் என்கிறேன். நம் ஊர்களில் எல்லையில் நின்று காவல் காப்பவரே கருப்பசாமி. விரட்ட வேண்டியவர் பட்டியலுக்கு அவர் நிறமா? தடைப்பட்டியல், ஏற்புப்பட்டியல், ஐயப்பட்டியல். மூன்றும் தமிழ், மூன்றும் ஒரே அச்சு.
— ஹெப்பால்

'ஐயப்பட்டியல்' அழகாக இருக்கிறது. ஆனால் மாணவர் ஐயங்களின் பட்டியல் என்றும் படிக்கலாம். அதோடு எனக்கு வினைச்சொல்லும் வேண்டும். 'சர்வர் இந்த மடலை ஐயப்பட்டியலிட்டது' என்று எழுதிப் பார்த்தேன், வாய் ஒத்துழைக்கவில்லை. 'மறுவரவு கேட்டது' ஓடுகிறது. ஆனால் பட்டியல் என்று வருகிற இடத்தில் அது உட்காரவில்லை.

மணி பதினொன்று. நாளைதான் வெள்ளி. சாம்பல் பட்டியல் என்றே போடுகிறேன், வினைக்கு 'மறுவரவு கேள்'. தனி மடலில் மூவர் சரி என்றார்கள். ஒருவர் 'ஏதாவது போடுங்கள்' என்றார், அவரையும் சேர்த்துக்கொண்டேன்.
— அல்சூர்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நரையே சரி. அதிருக்கட்டும், 'எரிதம்' என்று எழுதுகிறீர்களே, எரிச்சல் தருவதால் எரிதமா, அள்ளி எறிவதால் எறிதமா?
— மல்லேஸ்வரம்