பாத் நகரின் ஆழமான லாக்கில் ஒரு முடிச்சு

இங்கிலாந்தின் பாத் நகருக்கு ரயிலில் நான்கைந்து முறை போயிருக்கிறேன். ஆனால் அந்த ஊரை நான் உண்மையில் பார்த்தது, மனைவியுடன் நேரோபோட் எனும் குறுகிய கால்வாய்ப் படகில் போய் இறங்கிய அன்றுதான்.

பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனில் படகை வாடகைக்கு எடுத்தோம். ஏழடி அகலம்கூட இல்லாத, நீளமான எஃகுப் படகு. கரையில் நடப்பவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனார்கள். கால்வாயைத் தாங்கும் டண்டாஸ் நீர்ப்பாலத்தில், கீழே ஆறு ஓட, அதன் மேலே படகில் கடந்தோம். அடுத்து கிளாவர்டன். 1813இல் தொடங்கிய நீரேற்று நிலையம் அங்கே இருக்கிறது. ஆறே சக்கரத்தைச் சுழற்றி, தன் தண்ணீரை 48 அடி மேலே கால்வாய்க்கு ஏற்றிக் கொடுத்த இடம். எனக்கு அங்கிருந்து கிளம்ப மனமில்லை.

சிட்னி பூங்காவில் 1800ஆம் ஆண்டின் வார்ப்பிரும்புப் பாலங்களைத் தாண்டியதும் ஆறு லாக்குகள் வரிசையாக வருகின்றன. இரு முனையிலும் கதவுள்ள கல்தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்கதவை அடைத்துக் கீழ்மதகைத் திறந்தால் தண்ணீர் வடியும். படகு ஒரு படி இறங்கும். நடுவே ஓரிடத்தில், தேன் நிறக் கல்வீடுகளுக்கு மேலே ஆபி தேவாலயத்தின் கோபுரம் எழுந்து நின்றது.

ஆழமான லாக்குக்கு வந்தோம். சாலை வேலைக்காக 1976இல் இரண்டு லாக்குகளை ஒன்றாக்கிக் கட்டியது. 19 அடிக்கும் மேல் ஆழம். இங்கேதான் தவறு செய்தேன். கரைத்தூணில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்திருக்க வேண்டும். நான் முடிச்சுப் போட்டுவிட்டேன். தண்ணீர் இறங்க இறங்கக் கயிறு விறைத்தது. படகு இடப்பக்கம் சாய்ந்தது. சமையல் மேடையிலிருந்து ஒரு தம்ளர் உருண்டு விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

“மதகை மூடுங்கள்!” என்று கரையிலிருந்து ஒரு மூதாட்டி கத்தினார். மனைவி உடனே மூடினாள். அவரே விரைந்து போய் மேல்மதகைத் திறந்தார். தண்ணீர் ஏறி, கயிறு தளர்ந்த பிறகே முடிச்சை அவிழ்க்க முடிந்தது. வெட்டுவதற்குக் கத்திகூட என் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை அவர். “கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், இறங்குவோம்” என்றார். மறுபடி இறங்கினோம். ஈரச் சுவர் இருபுறமும் உயர்ந்துகொண்டே போக, வானம் ஒரு கீற்றாகச் சுருங்கியது. கரை விளிம்பில் அவர் முகம் மட்டும் தெரிந்தது.

கதவு திறந்தது. இன்னும் ஒரு லாக், பிறகு ஏவன் ஆறு. வலப்பக்கம் திரும்பி, புல்ட்னி பாலத்தின் அணைக்குக் கீழே படகைக் கட்டினோம்.