நாலு வருடமாகப் பிள்ளை இல்லை. இவரை எப்படி ரெஸ்டுக்கு (பரிசோதனைக்கு) கூட்டிப் போவது, மாமிக்கு என்ன சொல்வது?

பாலைப்பழம்:

எல்லோருக்கும் வணக்கம். எழுதுவோமா விடுவோமா என்று ஒரு கிழமையாக யோசித்து, இவர் வயலுக்குத் தண்ணீர் மாறப் போன நேரம் பார்த்து இன்றைக்கு எழுதுகிறேன். எனக்கு 31 வயது, இவருக்கு 36. புதுக்குடியிருப்புப் பக்கம். கலியாணம் முடித்து நாலு வருடம். இவர் வெளிநாடு ஒன்றும் போகவில்லை, ஒன்றாகத்தான் இருக்கிறோம், ஒரு முறைகூடத் தங்கவில்லை.

வீட்டில் நான், இவர், மாமி. மாமிக்கு மூன்று ஆம்பிளைப் பிள்ளைகள், அதில் இரண்டு பேர் 2009இல் சண்டையில் இல்லாமல் போய்விட்டார்கள். மிஞ்சினது இவர் ஒருவர்தான். இதைச் சொன்னால்தான் மிச்சம் உங்களுக்கு விளங்கும். மாமி கூடாத ஆள் இல்லை. ஒரு நாள் ஒரு சொல் ஏசியது கிடையாது. ஆனால் ஒவ்வொரு மாதமும் நான் தலைமுழுகினால் அன்றைக்கு முழுக்க ஒன்றும் பேசாமல் அடுப்படியில் போய் இருந்துவிடுவார். ஏசினாலாவது நானும் திருப்பி ஏதாவது சொல்லலாம், இதற்கு என்ன செய்வது?

போன மாதம் மச்சாளின் மகளுக்குப் பல்லுக்கொழுக்கட்டை, முதல் பல் முளைத்ததற்குச் செய்கிற சடங்கு. ஆலாத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னுக்குப் போனேன். சொந்தத்தில் ஒரு பெரியம்மா, கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மா வழமைபோலத்தான், "நீ விடு பிள்ளை, பிள்ளை பெத்த ஒருத்தி எடுக்கட்டும்" என்று தட்டை வாங்கிவிட்டார். மாமி அங்கேதான் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. நான் கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

வைத்தியம் என்று பார்த்தால், இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு தனியார் இடத்தில் டொக்டரைச் சனல் பண்ணி (காசு கட்டிப் பதிந்து) காட்டினேன். ஸ்கானில் சூலகத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் என்றார்கள். எனக்குத் தீட்டு 40, 45 நாளுக்கு ஒருமுறைதான் வரும். இரத்தம் எடுத்தார்கள், நாலு மாதம் குளிசை போட்டேன், பிறகு காசு கட்டுப்படியாகாமல் விட்டாயிற்று. இவரை யாரும் ஒரு ரெஸ்டும் செய்யச் சொல்லவில்லை. நான் சொன்னாலும், "எனக்கு ஒண்டும் இல்லை" என்று எழும்பிப் போய்விடுவார். இவருக்கு இடுப்புப் பக்கத்தில் சண்டையில் பட்ட செல் (எறிகணை) துண்டு ஒன்று இப்பவும் இருக்கிறது. பயம் அதுதான் என்று எனக்குத் தெரியும், வாய் விட்டுச் சொல்ல மாட்டார்.

இவர் மனம் நோகாமல் எப்படிக் கூட்டிப் போவது? மாமியோடு எப்படி இருப்பது? அப்புறம் இதே நிலையில் இருக்கிற யாராவது இருந்தால் கதைக்க ஆசை. பிள்ளை எடுத்து வளர்க்கச் சொல்லி மட்டும் இப்போதைக்கு எழுதாதீர்கள், அதைச் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.


கண்ணகி துணை:

தங்கச்சி, வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வையுங்கள். வைகாசிப் பொங்கலுக்குக் குடும்பமாகப் போய்ப் பொங்குங்கள். என் தங்கைக்கு ஆறாவது வருடம் கிடைத்தது. நீங்கள் நிறைய யோசிக்கிறீர்கள் போல் இருக்கிறது, யோசித்தால்தான் தங்காதாம். மனதை ஆறுதலாக வைத்திருங்கள், எல்லாம் தானாக நடக்கும்.


ஏ9காரன்:

நேர்த்தி வைப்பதை நான் குறை சொல்லவில்லை அக்கா, நானும் மடு மாதா கோயிலுக்கு நடந்தவன்தான். ஆனால் யோசித்தால் தங்காது என்கிற கதையை விடுங்கள். அப்படி என்றால் 2009இல் பங்கருக்குள் எத்தனை பிள்ளைகள் பிறந்தன, அந்தத் தாய்மார் எல்லாம் யோசனை இல்லாமலா இருந்தார்கள்? பிள்ளை இல்லை என்ற கவலை போதாதென்று, கவலைப்பட்டதும் உன் பிழை என்று சொன்னால் அந்தப் பெண் எங்கே போவாள்.

பாலைப்பழம், உங்கள் மனுசன் மாதிரித்தான் நானும் இருந்தேன். மூன்று வருடம் என் மனுசியைத்தான் ஊசி, ஸ்கான், குளிசை என்று அலைக்கழித்தோம். ரியூப் (கருக்குழாய்) அடைப்பா என்று பார்க்க மருந்து செலுத்தி எடுக்கிற எக்ஸ்றேகூட எடுத்தாயிற்று, அன்றைக்கு வலியில் பஸ்ஸில் குனிந்தபடியே வந்தாள். அவ்வளவுக்கும் பிறகுதான் ஒரு டொக்டர் என்னைப் பார்த்து, "உம்முடைய ரிப்போட் எங்கே?" என்று கேட்டார். எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அளவின்படி ஒரு மில்லிலீற்றருக்கு 16 மில்லியன் விந்தணு என்பது கீழ் எல்லை. எனக்கு 4. பிள்ளை தங்காத சோடிகளில் ஏறத்தாழப் பாதியில் ஆம்பிளைப் பக்கத்திலும் ஏதாவது இருக்குமாம், அதில் எத்தனையோ பேருக்கு வெளியில் ஒன்றும் தெரியாது. தாம்பத்தியத்தில் குறை இல்லாத ஆளுக்கும் எண்ணிக்கை குறையலாம். நம்மவர்களுக்கு இந்த இரண்டும் ஒன்று என்ற நினைப்பு, அதனால்தான் ரெஸ்ட் என்றதும் மானப் பிரச்சினை ஆகிறது.

உண்மையில் அந்த ரெஸ்ட் ஒன்றுமே இல்லை. ஊசி இல்லை, வெட்டுக் கொத்து இல்லை. ஒரு சின்னப் போத்தலில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வெட்கம் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். நான் கொடுத்த இடத்தில் கக்கூசைக் காட்டினார்கள், வெளியே நாலு பேர் வரிசையில் நின்று கதவைத் தட்டுகிறார்கள். ஒரு முறை குறைவாக வந்தாலும் அது கடைசித் தீர்ப்பு இல்லை, சில கிழமை கழித்துத் திரும்பவும் செய்து பார்ப்பார்கள். விந்தணு உருவாகி வர ஏறத்தாழ மூன்று மாதம் எடுக்கும் என்பதால், காய்ச்சல் வந்தது, சிகரெட் விட்டது எல்லாம் அந்த நேரத்துக்குப் பிறகுதான் ரிப்போட்டில் தெரியும். நான் சிகரெட்டை விட்டேன், 4 என்பது 9 ஆனது. பிறகு இரண்டு முறை ஐ.யூ.ஐ., அதாவது விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துகிற வைத்தியம், செய்தோம், இரண்டும் சரிவரவில்லை. இன்னும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. பொய் நம்பிக்கை தர விருப்பம் இல்லாததால் அதையும் எழுதுகிறேன்.

அவரிடம், "உங்களுக்குக் குறை இருக்கா பார்ப்போம்" என்று ஆரம்பிக்காதீர்கள். "எனக்குத் திரும்பக் குளிசை தரவேண்டும் என்றால் முதலில் இரண்டு பேருடைய ரிப்போட்டும் கேட்பார்களாம், இல்லாவிட்டால் நான்தான் சும்மா மருந்து தின்ன வேண்டும்" என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. என் மனுசி எனக்கு அப்படிச் சொல்லியிருந்தால் ஒரு வருடம் முந்திப் போயிருப்பேன்.


பழைய மிட்வைஃப்:

மகள், நான் 30 வருடத்துக்கு மேல் மிட்வைஃபாக இருந்து ஓய்வு எடுத்தவள். மேலே தம்பி சொன்னது சரி, அவருடைய ரெஸ்ட் இல்லாமல் உமக்கு நாலு மாதம் குளிசை தந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

உம்முடைய கணக்கைப் பாரும். 28 நாளுக்கு ஒருமுறை தீட்டு வருகிறவளுக்கு 14ஆம் நாள் அளவில் முட்டை வெளிவரும். உமக்கு 42 நாள் என்றால் அது 28ஆம் நாள் அளவில், அதுவும் வந்தால்தான். முட்டை வந்ததா என்று பார்க்கிற புரோஜெஸ்தரோன் இரத்தப் பரிசோதனையை எல்லோருக்கும் 21ஆம் நாள் என்று எழுதிவிடுவார்கள். அது 28 நாள்காரிக்குத்தான் பொருந்தும். அடுத்த தீட்டுக்கு ஏழு நாள் முன்னர் எடுக்க வேண்டியது அது, உமக்கு 35ஆம் நாள் பக்கம் வரும். 21ஆம் நாளில் எடுத்துவிட்டு முட்டை வரவில்லை என்று சொல்லியிருந்தால் அந்த ரிப்போட்டை நம்பாதேயும். இந்தப் பிழையால் அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். தைரொயிட், புரொலக்ரின் என்கிற ஹோமோன் இரண்டும் பார்த்தார்களா என்றும் பழைய கொப்பியில் பாரும். அந்தக் கொப்பியை எறிய வேண்டாம்.

நாள் எண்ணி எண்ணி இருக்க வேண்டாம். தீட்டு நேரத்துக்கு வராதவளுக்கு எண்ணியும் பலன் இல்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தால் போதும். உடம்பு கொஞ்சம் கூட என்றால் 60 கிலோக்காரி மூன்று நாலு கிலோ குறைத்தாலே தீட்டு ஒழுங்குக்கு வருவது உண்டு. போலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்கலாம், தங்கின பிறகு தொடங்கினால் பிந்திவிடும்.

திரும்பவும் சனல் பண்ணிக் காசைக் கொட்ட முன்னர் உம்முடைய பகுதி மிட்வைஃபிடம் போம். கர்ப்பிணிகளுக்கு மட்டும்தான் நாங்கள் என்று சனம் நினைக்கிறது, பிள்ளைக்குக் காத்திருக்கிறவர்களையும் பார்க்க வேண்டியது எங்கள் வேலைதான். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாகக் கடிதம் எடுத்துத் தருவார். கிளிநொச்சி மாவட்டப் பொது மருத்துவமனையில் 2024 மே மாதம் நெதர்லாந்து உதவியோடு பெண்களுக்கென்று தனி நிலையம் திறந்தார்கள். அரசாங்க மருத்துவமனை, காசு இல்லை. பெண்நோயியல் கிளினிக் எந்த நாள் என்று கேட்டு, இரண்டு பேருமாகப் போங்கள். செல் துண்டு இருக்கிறது என்பதை டொக்டருக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது ஒன்றும் செய்யாமலும் கிடக்கலாம், பார்க்காமல் ஏன் பயப்படுவான்?


கடலோரம்46:

நான் முல்லைத்தீவு. கலியாணம் முடித்து 19 வருடம், பிள்ளை இல்லை, இனி இல்லை என்றும் தெரியும். ஐ.வி.எஃப். (உடம்புக்கு வெளியே கருவை உருவாக்கி வைக்கிற வைத்தியம்) செய்யக் கொழும்புக்குப் போனோம், ஒரு முறை. நகை அடைவு, காணி உறுதி, சீட்டுக் காசு எல்லாம் அதற்குள் போனது. 35 வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கே ஒரு முறையில் சரிவருவது மூன்றில் ஒன்று அளவுதான் என்று போன பிறகுதான் விளங்கியது. எனக்கு அப்போது 39. செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற அந்த நுண்கடனை எடுத்துச் செய்யாதீர்கள், அதை மட்டும் சொல்கிறேன்.

ஆலாத்தித் தட்டுக் கதை எனக்கும் நடந்தது. நான் அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு சாமத்திய வீட்டுக்கும் (பூப்புனித விழாவுக்கும்) போகவில்லை. போகாமல் விட்டது பிழை என்று இப்போதும் நினைக்கவில்லை. போக முடியாத நாளில், "வயிற்றுக்குத்து" என்று ஒரு பொய் சொல்லிவிட்டு வீட்டில் படுங்கள்.

மாமி விஷயம். அவர் அடுப்படியில் போய் இருப்பது உங்களைக் குற்றம் சொல்ல என்று எனக்குப் படவில்லை. இரண்டு பிள்ளையைப் புதைக்கவும் கிடைக்காத மனுசி, ஒவ்வொரு மாதமும் அவருக்கு ஏதோ ஒன்று திரும்பவும் போகிறது. நான் என்றால் அந்த நாளில் நானும் அடுப்படிக்குப் போய்ப் பக்கத்தில் குந்துவேன். ஒன்றும் கதைக்க வேண்டியது இல்லை, வெங்காயத்தை எடுத்து உரியுங்கள். ஏலும் என்றால் அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் கூட்டிப் போங்கள்.


ஏ9காரன்:

இதில் மட்டும் நான் ஒத்துவர மாட்டேன் அக்கா. மாமியைக் கூட்டிப் போனால் மனுசன் போத்தலோடு எங்கே நிற்பான்? முதல் முறை இரண்டு பேரும் தனியப் போகட்டும்.


கடலோரம்46:

சரி, அதுவும் நியாயம். இரண்டாம் முறை கூட்டிப் போங்கள்.

பாலைப்பழம், எனக்குத் தனிச் செய்தி போடுங்கள், கதைப்போம். இரவில் தாங்க முடியாமல் வந்தால் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், நான் இரண்டு முறை எடுத்திருக்கிறேன். பைத்தியக்காருக்குத்தான் அது என்று நினைக்காதீர்கள்.


பாலைப்பழம்:

எல்லோருக்கும் நன்றி. நாலு நாளாக எழுத வரவில்லை, வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். கொப்பியை எடுத்துப் பார்த்தேன் அன்ரி, 21ஆம் நாள் என்றுதான் எழுதியிருக்கிறது. இரண்டு வருடம் முட்டையே வராதவள் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நேற்று இரவு ஏ9காரன் அண்ணா எழுதினதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். நான் கேட்டு எழுதினதென்று சொல்லவில்லை, போனில் வந்தது என்றேன். கக்கூஸ் கதவைத் தட்டின இடத்தில் சிரித்துவிட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்துவிட்டு, "அந்தாள் எந்த ஊராம்?" என்று கேட்டார். விடிய எழும்பி, வருகிற கிழமை வயலில் வேலை குறைவு என்கிறார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம், வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாமா? இவருக்கு அங்கே கொடுக்கக் கூச்சம்.


ஏ9காரன்:

வீட்டில் எடுத்தால் உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் லாப்பில் கொடுக்க வேண்டும். புதுக்குடியிருப்பிலிருந்து பரந்தன் வந்து கிளிநொச்சிக்கு ஏறுவதற்குள் அந்த நேரம் போய்விடும், பஸ்ஸை நம்பி எடுக்காதீர்கள். அங்கேயே கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னர் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்குக் கூடாமலும் சேராமல் இருக்க வேண்டும். செல் துண்டு தெரிகிற பழைய எக்ஸ்றே இருந்தால் அதையும் கையில் எடுங்கள்.

ஊர் பரந்தன் என்று சொல்லுங்கள். வருகிற நாளைத் தனிச் செய்தியில் போட்டால் நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறேன், இரண்டு பேருமாக ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு உள்ளே போகலாம்.